புயற்காற்றும் ரயில் பாலமும்

1879-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி இரவு ஸ்காட்லாந்தில் டே நதிப் பாலம் பெருங்காற்றில் முறிந்து, ரயிலோடும் பிரயாணிகளோடும் நீரில் வீழ்ந்தது, ஒருவரும் பிழைத்திலர். பாலத்தை அமைத்த ஸர் தாமஸ் பவுச் காற்றின் பலத்திற்கென்று தனியே கணக்கிடவில்லையென்பது விசாரணையில் வெளியாயிற்று.

அக்காலத்திலில்லாத கணிதம் இன்று உண்டு. வருஷந்தோறும் வீசிய அதிவேகக் காற்றை மட்டும் வரிசைப்படுத்தி, இதுவரை காணாத காற்றையும் மதிப்பிடலாம். ஆனால் அம்மதிப்பின் பொருளை ஜனங்கள் அறிதல் வேண்டும். ‘50 வருஷத்துக் காற்று’ என்பது 50 வருஷம் காத்திருந்து வருவதன்று. எந்த வருஷத்திலும் அது வர நூற்றுக்கு 2 பங்கு இடமுண்டு. 50 வருஷத்திற்குள் ஒரு முறையேனும் வர நூற்றுக்கு 64 பங்கு இடமுண்டு. காற்றை அளந்த வருஷங்கள் குறைவாயின், கணக்கும் அவ்வளவுக்கு நிச்சயமற்றதாகும்.

ஆகவே உறுதியான பாலம் மட்டும் போதாது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை மீறினால் வண்டியை நிறுத்தும் ஏற்பாடிருந்தது. அத்தகைய வரம்புகளையும் அவற்றிற்காதாரமான கணக்கையும், கடற்கரைப் பாதைகள் அனைத்திற்கும் ரயில்வே அதிகாரிகள் பகிரங்கப்படுத்த வேண்டுமென்பதே நமது கோரிக்கை. 1964-ல் தனுஷ்கோடியில் ஒரு வண்டியையே கடலுக்கு இரையாகக் கொடுத்தோம். தாமதத்தைப் பொறுக்கலாம்; உயிர்ச்சேதத்தைப் பொறுக்கலாகாது.