நினைவு பொய்க்கலாம், உண்மை பொய்க்குமா?

திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வரும் மாணவன், "அவரவர்க்கு அவரவர் உண்மை" என ஒரே வரியில் தீர்ப்புக் கூறிவிடுகிறான். அதனைக் கேட்கும் ஆசிரியர் சிலர், எத்துணை ஆழ்ந்த சிந்தனை என வியந்து அவன் முதுகில் தட்டிக்கொடுக்கின்றனர். வேறு சிலரோ, இத்தகைய குழப்பப் படங்கள் இளைஞர் உள்ளத்தைக் கெடுக்கும் என்று சினந்து, அவற்றை வகுப்பறை வாயிலிலேயே நிறுத்திவிட முனைகின்றனர். புகழ்வோரும் இகழ்வோரும் செய்யும் பிழை ஒன்றே. மனித நினைவு தவறும் எனக் காட்டும் படம், உண்மையே இல்லை எனச் சொல்வதாக இரு சாராரும் எண்ணிக்கொண்டனர். அவ்வாறு எண்ணுவது படத்தைப் படிக்கத் தெரியாமையேயன்றி வேறன்று.

கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'மெமெண்டோ' இதற்குத் தக்க சான்று. அதன் நாயகன் லெனர்ட், மனைவி தாக்கப்பட்ட இரவில் தானும் தலையில் அடிபட்டவன். அதற்கு முந்தையவை அவன் நினைவில் நிற்கும். பிந்தையவை சில நிமிடங்களில் மறைந்துபோகும். ஆகவே, உடனுக்குடன் எடுக்கும் நிழற்படங்களில் குறிப்பு எழுதியும், உடலெங்கும் பச்சை குத்திக்கொண்டும் கொலைஞனைத் தேடி அலைகிறான். வண்ணக் காட்சிகள் இறுதியிலிருந்து பின்னோக்கி நகர்கின்றன. கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி நகர்கின்றன. விளைவை முதலிலும் காரணத்தைப் பின்னரும் காண நேர்வதால், நாயகனின் திகைப்பு காண்போரையும் பற்றிக்கொள்கிறது.

முடிவில் டெடி என்பவன் ஒரு செய்தியை வெளியிடுகிறான். கொலைஞன் எப்போதோ பழிவாங்கப்பட்டுவிட்டான். லெனர்ட் அதனை மறந்து மீண்டும் மீண்டும் தேடுகிறான். வேறொருவனுக்கு நேர்ந்ததாக அவன் சொல்லிவரும் துயரக் கதையும் அவனுடைய சொந்தக் கதையே என்கிறான். டெடி சொல்வது மெய்யா பொய்யா? படம் அதனை உறுதி செய்யவில்லை. இவ்விடத்தில் நின்று, "பார்த்தீர்களா, உண்மை என ஒன்றில்லை" எனக் கைகொட்டுவோர், அடுத்த காட்சியை மறந்துவிடுகின்றனர். லெனர்ட் பழிவாங்கியதற்குச் சான்றான நிழற்படத்தைத் தானே எரிக்கிறான். டெடியின் படத்தில், அவன் சொல்லும் பொய்களை நம்பாதே என எழுதுகிறான். டெடியின் வண்டி எண்ணைக் கொலைஞனின் எண்ணாகக் குறித்துக்கொள்கிறான். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளத் தெரிந்தே முடிவு செய்கிறான். படத்தின் தொடக்கத்தில் டெடி சுடப்பட்டு இறப்பது இந்தப் பொய்யின் விளைவே.

இக்காட்சியில் ஐயத்திற்கு இடம் உண்டா? மறதி அவனுக்கு நேர்ந்த நோய். பொய் அவன் செய்த வினை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே அப்படத்தின் வலிமை. உண்மை என ஒன்று இல்லையேல், அவன் எதனை எரித்தான்? எதனை மறைத்தான்? மெய் இருந்தாலன்றிப் பொய்க்கு வாழ்வில்லை.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' 1950இல் வெளிவந்து, 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதினைப் பெற்றது. காட்டில் ஒரு சாமுராய் இறந்து கிடக்கிறான். கள்வன் ஒரு கதை சொல்கிறான். இறந்தவனின் மனைவி மற்றொன்று சொல்கிறாள். ஆவியாக வந்து இறந்தவனும் வேறொன்று சொல்கிறான். விறகுவெட்டி பிறிதொன்று சொல்கிறான். உண்மைக்குப் பல முகம் என்பதற்கு இப்படத்தையே எடுத்துக்காட்டும் வழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. ஆயினும் அச்சாட்சியங்களைக் கூர்ந்து கேட்டால் வேறொன்று புலப்படும். கள்வன் தன்னை வீரனாகக் காட்டிக்கொள்கிறான்; மனைவி தன்னை இரங்கத்தக்கவளாகக் காட்டிக்கொள்கிறாள்; கணவன் மானம் காத்து மாய்ந்தவனாகக் காட்டிக்கொள்கிறான். விறகுவெட்டியோ, குத்துவாள் களவுபோன செய்தியில் வாய்திறவாமல் நிற்கிறான். இவர்களுடைய நினைவு தவறவில்லை. தற்பெருமையும் அச்சமும் நாவைத் திருப்பிவிட்டன. ஒருவன் இறந்து கிடந்தான் என்பதை மட்டும் நால்வரில் ஒருவராலும் மறுக்க முடியவில்லை.

உளவியல் ஆய்வும் இதனையே உரைக்கிறது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் ஆகிய இருவரும் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்தைப் படமாகக் காட்டினர். 50 பேரிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் எனவும், வேறு 50 பேரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் எனவும் வினவினர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா எனக் கேட்டபோது, முதற்குழுவில் 7 பேரும் இரண்டாம் குழுவில் 16 பேரும் கண்டதாகக் கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! வினாவில் அமைந்த ஒரு சொல் நினைவையே மாற்றிவிட்டது. நினைவின் வலுவின்மைக்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால், அவர்கள் தவறாக நினைவுகூர்ந்தனர் என்பது எவ்வாறு தெரிந்தது? படச்சுருள் இருந்தது, அதில் கண்ணாடி உடையவில்லை. உரைகல் இல்லாதவிடத்து மாற்றுக் குறைந்த பொன் எனச் சொல்ல இயலுமோ?

தமிழ்த் திரையுலகும் இவ்வழியில் நடந்து பார்த்ததுண்டு. எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த 'அந்த நாள்', பாடலே இல்லாமல் எடுக்கப்பட்ட துணிவான முயற்சி. 1943இல் ஜப்பானியர் சென்னை மீது குண்டு வீசிய நாளை ஒட்டி, வானொலிப் பொறியாளன் ஒருவன் கொலையுண்ட செய்தியைப் பலர் வாய்மொழியாக விரித்து, இறுதியில் உண்மையை வெளிக்கொணர்கிறது. ஐயத்தை விதைத்து, ஆராய்ச்சியால் அறுவடை செய்த படம் அது. 2005இல் வந்த 'கஜினி'யோ, 'மெமெண்டோ'வின் நிழற்படங்களையும் பச்சை குத்திய உடலையும் எடுத்துக்கொண்டு, அதன் உயிரான கேள்வியை விட்டுவிட்டது. பகைவன் யார் என்பதில் காண்போருக்கு ஐயமில்லை. நாயகன் தன்னைத் தானே ஏமாற்றுவானோ என்னும் அச்சமும் இல்லை. கேள்வியை நீக்கிவிட்டால் எஞ்சுவது பழிவாங்கும் கதை மட்டுமே. மக்களுக்குப் புரியாது என அஞ்சி இவ்வாறு எளிமைப்படுத்துவது, மக்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

உண்மை ஒன்றே என்பது பழமைவாதம். அஃது ஆள்வோர்க்கே துணைபோகும் என வாதிடுவோரும் உளர். அவர்கள் மதுரை அரசவையை எண்ணிப் பார்க்கட்டும். பொற்கொல்லன் சொன்னதை ஆராயாது நம்பினான் பாண்டியன். கோவலன் உயிர் போயிற்று. கண்ணகி அவைக்கு வந்து சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, இவள் சிலம்பில் தெறித்தது மாணிக்கம். அவரவர்க்கு அவரவர் உண்மை என்றால், பொற்கொல்லனுக்கும் ஓர் உண்மை, கண்ணகிக்கும் ஓர் உண்மை என்றாகிவிடும்; தனக்கு உவந்ததை அரசன் தேர்ந்தெடுத்ததில் பிழையே இல்லை என்றாகிவிடும். அத்தத்துவத்தால் வாழ்வது வலியோர், வீழ்வது எளியோர். படையும் பொருளும் இல்லாத ஒரு பெண்ணுக்கு அன்று துணைநின்றது சிலம்பின் பரல் ஒன்றே.

ஆகவே ஆசிரியர் கடமை, இத்தகைய படங்களை விலக்குவதுமன்று, வியந்து வாளாவிருப்பதுமன்று. மாணவரின் ஏட்டில் மூன்று பத்திகள் வரையச் செய்யலாம். ஒருவருடைய நினைவின் வழியாக வந்தவை முதற்பத்தியில்; எவர் நினைவையும் சாராது காட்டப்பட்டவை இரண்டாவதில்; இறுதிவரை விளங்காதவை மூன்றாவதில். மூன்றாம் பத்தி வெறுமையாக இல்லையே என எவரும் நாணவேண்டுவதில்லை. தெரியாததைத் தெரியாதது என ஒப்புக்கொள்வது அறிவுடைமை. மூன்றாம் பத்தியைக் காரணம் காட்டி இரண்டாம் பத்தியை அழிப்பதுதான் அறியாமை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழர் நாவில் வழங்கும் பழமொழி. அதன் முதலிரு பகுதிகளை மட்டும் மனனம் செய்து, மூன்றாம் பகுதியை மறந்துவிடும் தலைமுறை ஒன்று உருவாகுமாயின், அப்பழி திரைப்படத்தைச் சாராது, வகுப்பறையையே சாரும்.