வசூல் முடிந்தது, பணி முடிந்ததா?

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் வாசலில் இருவர் துண்டைப் பிடித்தபடி நிற்பர். யாருக்காக இந்த வசூல் என்பதை இமாம் முன்னரே அறிவித்திருப்பார். விழுந்த பணத்தை அங்கேயே எண்ணி, உரியவர் கையில் ஒப்படைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவர். கோரிக்கை, வசூல், ஒப்படைப்பு ஆகிய மூன்றும் அரை மணி நேரத்தில் நிறைவுறும்.

இன்று அந்தத் துண்டின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. ஒரு சிறுவனின் அறுவை சிகிச்சைக்காகக் காலையில் ஒரு காணொளி வெளியானால், மாலைக்குள் துபாயிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் உதவி வந்து சேர்கிறது. இது அல்லாஹ் வழங்கிய அருட்கொடை. இப்பணியில் இறங்கியுள்ள இளைஞர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. நாமும் அவர்களுள் அடங்குவோம். ஆயினும், துண்டு மடிக்கப்பட்டதைப் போல நம் கோரிக்கைகள் முறையாக முடித்துவைக்கப்படுகின்றனவா என்பதைச் சிந்திக்க வேண்டியுள்ளது.

ஒரு தொலைபேசி அழைப்பு

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வெளியிட்ட ஒரு மருத்துவக் கோரிக்கைக்கு ஒரே இரவில் தேவையான தொகை சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று கூறி அடுத்த காணொளிக்குச் சென்றுவிட்டோம். மூன்று மாதங்கள் கழித்து, வளைகுடாவில் ஓட்டுநராகப் பணிபுரியும் சகோதரர் ஒருவர் அழைத்தார். "அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது, தம்பி? ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்து வருகிறேன்" என்றார். அவர் கணக்குக் கேட்கவில்லை. நலம் மட்டுமே கேட்டார். அதற்கும் நம்மிடம் பதில் இல்லை.

அந்த மூன்று மாதங்களில் நாம் பதினொரு காணொளிகளை வெளியிட்டிருந்தோம். எண்ணிக்கையால் அளந்தால் நாம் சுறுசுறுப்பானவர்களே. அமானிதத்தால் அளந்தால் நம் நிலை என்ன? அன்றுதான் நம் வேலைமுறையை மாற்றத் தொடங்கினோம்.

நபிகளார் காட்டிய முன்மாதிரி

ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி நாம் பலமுறை கேட்டதே. முளர் குலத்தைச் சேர்ந்த ஏழை மக்கள் காலில் செருப்பின்றி, உடுத்தப் போதிய ஆடையின்றி மதீனாவுக்கு வருகின்றனர். அவர்களின் வறுமையைக் கண்டதும் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறுகிறது. வீட்டினுள் சென்று திரும்புகிறார்கள். பாங்கு சொல்லச் செய்து, தொழவைத்து, மக்களிடம் உரையாற்றுகிறார்கள். தீனார், திர்ஹம், ஆடை, கோதுமை, பேரீச்சம்பழம் என அவரவர் இயன்றதைக் கொண்டுவருகின்றனர். உணவும் உடையும் இரு குவியல்களாக உயர்ந்தபோது அண்ணலாரின் முகம் ஒளிர்ந்தது.

இதில் தேவையுடையோர் யார் என்பது தெளிவாக இருந்தது. கோரிக்கை தொழுகையோடு இணைந்திருந்தது. சேர்ந்தது எவ்வளவு என்பதை அனைவரும் கண்ணால் கண்டனர். நமக்கு வேண்டிய ஒழுங்கு முழுவதும் இதற்குள் அடங்கியுள்ளது.

தொழுகையே நேர அட்டவணை

உதவி கேட்கும் செய்திகள் இரவு பகலாக வரும். ஒவ்வொன்றுக்கும் உடனே பதிலளிக்க முனைந்தால் எதையும் முறையாகச் செய்ய இயலாது. அதிகாலைப் பொழுதில் தம் சமுதாயத்திற்குப் பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்துள்ளார்கள். எனவே ஃபஜ்ருக்குப் பிந்தைய நேரத்தைக் கவனம் மிகுதியாகத் தேவைப்படும் பணிக்கு ஒதுக்கினோம்: மருத்துவமனை மதிப்பீட்டைச் சரிபார்த்தல், மஹல்லா ஜமாஅத்தின் கடிதத்தைப் பெறுதல், எழுதுதல். பதிவும் தொகுப்பும் லுஹருக்குப் பின். தொலைபேசி அழைப்புகள் அஸருக்குப் பின். இஷாவுக்குப் பின் கைப்பேசி குடும்பத்தாரிடமிருந்து நம்மைப் பிரிக்கக் கூடாது.

ரமளானுக்கும் இதுவே பொருந்தும். ஜகாத் கோரிக்கைகளுக்கான விசாரணையை ரஜபு, ஷஃபான் மாதங்களிலேயே முடித்துவிட வேண்டும். கடைசிப் பத்து இரவுகளைக் காணொளி தொகுப்பதில் கழித்துவிட்டு, பிறரை இரவு வணக்கத்திற்கு அழைப்பது முறையாகாது.

கணக்கு எழுதாமல் உறங்காதீர்

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது (2:282). இருவருக்கிடையேயான கடனுக்கே இவ்வளவு கவனம் எனில், ஆயிரம் பேரின் பணத்திற்கு எவ்வளவு வேண்டும்! ஒரு கோரிக்கைக்குக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் போதும்: தேவை, வரவு, கொடுத்தது, மீதி. அன்றைய வரவை அன்றே எழுதுவது பத்து நிமிட வேலை. மாதக் கடைசியில் எழுதுவது முழுநாள் வேலை.

ஜகாத்தும் ஸதகாவும் தனித்தனியே இருக்கட்டும். ஜகாத்துக்கு உரியோர் எட்டு வகையினர் என அல்லாஹ் வரையறுத்துள்ளான் (9:60). அதைப் பொது வசூலோடு கலக்க நமக்கு உரிமையில்லை.

பணத்தைத் தனிநபர் கணக்கில் பெறுவதையும் தவிர்க்க வேண்டும். உறவினர் அல்லாதோரிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சேரும் தொகை அவருடைய வருமானமாகவே கருதப்பட வாய்ப்புண்டு. துபாயில் பணிபுரியும் இந்தியக் குடிமகன் தம் சம்பாத்தியத்திலிருந்து அனுப்புவது வேறு. மலேசியக் குடியுரிமை பெற்ற சகோதரர் அனுப்புவது வேறு. பின்னதற்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். இயன்றவரை பணம் நேரடியாக மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ செல்வதே நமக்கும் பாதுகாப்பு, கொடுப்பவருக்கும் நிம்மதி.

அந்த முகம் யாருடையது?

கண்ணீர் சிந்தும் தாயின் முகம் பார்வையாளரைப் பெருக்கும். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் சிறுவனை அக்காணொளி தொடர்ந்து செல்லும். தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பது நன்று, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் நன்று என்பது இறைவாக்கின் கருத்து (2:271). கொடுப்பவருக்கே மறைவு சிறப்பெனில், பெறுபவரின் மானத்தை நாம் எப்படிக் கடைவிரிக்கலாம்? மருத்துவமனை மதிப்பீட்டைக் காட்டுவோம். பெயரையும் முகத்தையும் மறைப்போம். தொகை சேர்ந்த அன்றே கணக்கு எண்ணை நீக்கி, 'நிறைவுற்றது' என அறிவிப்போம்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கண்ணீர்க் காணொளிக்கு வரும் விளம்பர வருமானம் யாருக்குரியது? ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்தபோது, அவர் தம் பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்டார்கள். நம் உழைப்புக்கு ஊதியம் தேவையெனில், ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து, அதைத் தனியே, வெளிப்படையாகக் கேட்போம்.

தாமதம் ஆகாதா?

இத்தனை ஒழுங்கும் பார்த்துக்கொண்டிருந்தால் ஓர் உயிர் போய்விடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை, விசாரணையைக் கைவிடுவதன்று; பணியைப் பகிர்வது. ஒருவர் விசாரிக்க, ஒருவர் பதிவுசெய்ய, மூன்றாமவர் கணக்கு எழுதினால் அவசரமும் நிறைவேறும், அமானிதமும் காக்கப்படும். எல்லாவற்றையும் ஒருவரே சுமக்கும்போதுதான் கணக்கு முதலில் கைவிடப்படுகிறது.

இப்போது நமக்குள் ஓர் உறுதி உண்டு: முந்தைய கோரிக்கையின் கணக்கை முடித்து அறிவிக்கும் வரை அடுத்ததற்குக் கேமராவைத் திறப்பதில்லை. காணொளிகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. பின்தொடர்வோரும் சிலர் குறைந்தனர். ஆயினும், குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழி நமக்குப் போதும்.

அந்த ஓட்டுநர் சகோதரருக்கு மறுநாளே சிறுவனின் வீட்டை விசாரித்துப் பதில் சொன்னோம். பிள்ளை நலமாக இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லி அழைப்பை முடித்தார். மறுமையில் இதே கேள்வி நம்மிடம் கேட்கப்படும்போது, பதில் தேட மறுநாள் இருக்காது.

நம் கைகள் வழியே செல்லும் ஒவ்வொரு காசையும் உரியவரிடம் சேர்க்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.