பத்துப் பொருத்தம் ஓகே... இதயத்தைப் பற்றிக் கேட்டாச்சா?

முகூர்த்த நாளில் திருச்செந்தூர் கோயில் பக்கம் போனால், மாலையும் கழுத்துமாக மணமக்கள் கூட்டம். ஜாதகம் பார்த்து முடித்த கல்யாணங்கள்தான் அதிகம். ஆனால், ‘உங்க வீட்ல யாராவது சின்ன வயசுலயே திடீர்னு இறந்திருக்காங்களா?’ என்று சம்பந்தி வீட்டில் யாரும் பெரும்பாலும் கேட்பதில்லை. சொந்தத்திலேயே பெண் எடுக்கும் குடும்பங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அது.

காரணம், எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணு.

அதன் வேலை என்ன?

மயோசின், ஆக்டின் என்ற இழைகள் ஒன்றையொன்று பிடித்து இழுப்பதால்தான் இதயம் சுருங்குகிறது. அந்த இழுப்பைக் கட்டுக்குள் வைக்கும் புரதத்தை உருவாக்குவது இந்த மரபணு. சிம்பிளா சொன்னா, இதயத்துக்கு ஒரு பிரேக். பிரேக் பழுதானால் தசை தடித்துப்போகலாம். சிலருக்குத் துடிப்பு தாறுமாறாகி, உயிரே போகலாம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஐதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ் குழுவினரின் ஆய்வு 2009-ல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வெளியானது. இந்த மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம், இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக அது சொன்னது.

உடனே பயப்பட வேண்டாம். அந்த 25 எழுத்துகள் இல்லாததால் மட்டுமே தசை தடிப்பதில்லை. சிலரிடம் கூடவே இருக்கும் இன்னொரு சிறு மாற்றம்தான் முக்கியக் காரணம் என்று 2020-ல் வந்த ஆய்வு காட்டியது. அதனால் ஆன்லைனில் கிட் வாங்கி, எச்சில் அனுப்பி, வரும் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தூக்கம் தொலைப்பதில் அர்த்தமில்லை.

குடும்ப வரலாறுதான் முக்கியம். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில், ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு பிரதியும் பழுதானால் பாதிப்பு கடுமையாகலாம்.

‘இதையெல்லாம் கேட்டா சம்பந்தம் நின்னுடும்’ என்பார்கள். கேட்பது கல்யாணத்தை நிறுத்த அல்ல. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இதயத் தசை நோய் இருந்தால், அல்லது காரணம் தெரியாத இளவயது மரணம் நடந்திருந்தால், டாக்டரைப் பார்த்து ஈ.சி.ஜி., எக்கோ எடுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் மருந்து இருக்கிறது, தேவைப்பட்டால் கருவி பொருத்தலாம்.

‘நெஞ்சுவலி, போயிட்டாரு’ என்று ஒரு வரியில் முடித்துவிடும் மரணங்களைப் பற்றி, வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே விசாரியுங்கள்.