மத்தியான வெயிலில் மலை ஏற வேண்டாம்



சித்திரை லீவு வரப்போகிறது. எங்கள் ரம்புக்கனைப் பிள்ளைகள் இப்போதே வட்ஸ்அப்பில் ஹைக்கிங் திட்டம் போடத் தொடங்கிவிட்டார்கள். அலகல்ல, உத்துவன்கந்த, பதலேகல என்று பெயர்கள் ஓடுகின்றன. போகட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் எத்தனை மணிக்குப் போவது, யார் பொறுப்பு என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம் பதினொரு மாணவர்களை உத்துவன்கந்தைக்குக் கூட்டிப் போனேன். சரதியலையும், 1864 மே 7ஆம் திகதி கண்டியில் அவரோடு தூக்கிலிடப்பட்ட மம்மலே மரிக்காரையும் பற்றி அந்த மலையில் வைத்தே சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. பஸ் பிந்தியது. ஏறத் தொடங்கும்போதே பதினொன்றரை. திரும்பியிருக்க வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று ஏறினோம். பிழை என்னுடையது.

பாதி வழியில், எப்போதும் பகிடி விட்டுக்கொண்டு வரும் ஒரு மாணவன் பேச்சை நிறுத்திவிட்டான். கேட்டதற்கு "ஒன்றுமில்லை சேர்" என்றான். சற்று நேரத்தில் பாறையைப் பிடித்தபடி உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அவனுடைய போத்தல் எப்போதோ காலி. மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. நிழலுக்குத் தூக்கிப் போய், தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, விசிறி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தோம். அரை மணித்தியாலத்தில் தெளிந்தான், அல்ஹம்துலில்லாஹ். அன்று மாலை அவன் உம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னது எனக்கு லேசான காரியமாக இருக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கையின் தெற்கிலிருந்து வடக்காக, ஊர் ஊராக நேர் உச்சிக்கு வருகிறது. அதோடு எங்கள் பக்கக் காற்றில் ஈரமும் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது வழியுமே தவிர லேசில் காயாது. பாறையின் சூடு வேறு. "எங்கட பிள்ளைகளுக்கு வெயில் பழக்கம்தானே" என்ற பேச்சு இங்கே உதவாது.

களைத்த பிள்ளை தானாகச் சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. பன்னிரண்டு, பதினைந்து வயதில் யாரும் சொல்ல மாட்டார்கள். கூட்டிப் போகிறவர்தான் முதலில் "திரும்புவோம்" என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் எங்களிடம் தரப்பட்ட அமானிதம்.

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். பிந்திவிட்டால் அன்றைக்கு மலை வேண்டாம். வழியிலும் ஒவ்வொருவருடைய போத்தலையும் பாருங்கள். ஒருவருக்குப் பேச்சுத் தடுமாறினால், ஆள் குழம்பினால், மயங்கினால், அது வெறும் களைப்பு இல்லை. உடனே உடம்பை நனைத்துக் குளிரவையுங்கள், 1990 இலவச அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பெற்றோர்களே, உங்கள் மகன் இந்த லீவில் மலைக்குப் போவதாக இருந்தால், "எத்தனை மணிக்கு ஏறுவீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள்?" என்று கூட்டிப் போகிறவரிடம் கேளுங்கள். அவர் ஆசிரியராக இருந்தாலும் கேளுங்கள். அன்று என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருக்கலாம்.