சாமான் செய்துவிடலாம், அளவு யார் தருவார்?

பழைய காருக்கு ஸ்பேர் கிடைக்கவில்லை என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "டிராயிங் இருக்கா அண்ணாச்சி?" என்றுதான். யாரிடமும் இருப்பதில்லை. பழைய சாமானை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். "இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுங்க" என்பார்கள். கடைந்து கொடுத்துவிடலாம். ஆனால் நாற்பது, ஐம்பது வருஷம் தேய்ந்த சாமானை அளந்தால் தேய்மானத்தைத்தான் அளந்ததாக ஆகும். அதைப் பார்த்துச் செய்தால் பிறக்கும்போதே கிழடான சாமான்தான் வரும்.

என் ஊர் ஆனைக்குட்டம். அர்ச்சுனா ஆற்றின் அணையால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். சிவகாசி அச்சகங்களுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் லேத் வேலை செய்து பிழைக்கிறேன். ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்த அச்சு இயந்திரங்கள் எங்கள் பக்கம் வந்து இன்னொரு ஆயுள் ஓடுகின்றன. அவற்றின் கியரில் ஒரு பல் போனால் கம்பெனிக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க முடியாது. பட்டாசு ஆலையிலோ மருந்து புழங்கும் இடத்தில் இரும்புக் கருவி ஆகாது, உரசினால் பொறி பறக்கும். அதனால் பித்தளையும் கன்மெட்டலும் எங்கள் லேத்துக்குத் தினசரிச் சாப்பாடு. 'கம்பெனி போச்சு, சாமான் வராது' என்பது சிவகாசிக்குப் புதுச் செய்தி இல்லை. எங்கள் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது.

அப்படிப்பட்ட என்னையே தயங்க வைக்கிற வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சிவகாசி அச்சக முதலாளி ஒருவரின் தகப்பனார் வாங்கியது, இன்றும் கொட்டகையில் நிற்கிறது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் செய்த கார் அது. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வந்தது. உடலை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலாட்டி. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, முன்சக்கர அமைப்பை அப்படியே வைத்து, 1962-இல் இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காராக ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். நம்மூர் டாக்டர்களும் வக்கீல்களும் குடும்பத்தோடு போன காரும், வெள்ளைக்காரப் பையன்கள் கூரையைத் திறந்துவிட்டுப் பறந்த காரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சோழவரம் பந்தயத்தில் ஃபியட்டோடு ஹெரால்டும் ஓடியதில் வியப்பில்லை.

இந்த இரண்டு வண்டிக்கும் பொதுவான ஒரு பாகத்துக்குப் பெயர் ட்ரனியன். முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை வெண்கலக் கட்டி ஒன்றுக்குள் ஏறி உட்காரும். அந்தக் கட்டிதான் ட்ரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்ளேயே திரும்பும். ஒரு பக்கத்துக்கு வலது மரை, மறுபக்கத்துக்கு இடது மரை. அதற்கு விட வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் பெட்டிக்கு ஊற்றுகிற தொண்ணூறு நம்பர் ஆயில். கிரீஸ் நிப்பிள் மாதிரி ஒன்று கண்ணில் பட்டதும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவது மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். கிரீஸ் நாளடைவில் இறுகும், மரையின் அடிவரை போய்ச் சேராது. தண்ணீர் புகும், எஃகு அரிக்கும், ஒருநாள் தண்டு மரைப் பக்கம் முறியும். முன்சக்கரம் மடங்கி வண்டிக்கடியில் போய்விடும்.

என்னிடம் லேத் இருக்கிறது. வெண்கலம் இருக்கிறது. இடது மரையும் வெட்டத் தெரியும். ஆனாலும் ட்ரனியனைக் கடைந்து கொடுக்க மாட்டேன். மரை எத்தனை இறுக்கமாக இருக்க வேண்டும், எவ்வளவு தளர்வு தாங்கும், வெண்கலத்தில் என்ன கலவை என்பதெல்லாம் ஒரு காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதம் என்னிடம் இல்லை. கண்ணாடி ஏற்றும் கைப்பிடி சரியில்லை என்றால் கண்ணாடி இறங்காது, அவ்வளவுதான். ட்ரனியன் சரியில்லை என்றால் ஆளே இருக்க மாட்டார்.

"அப்ப என்னதான் செய்ய?" என்று முதலாளி கேட்டார்.

"இங்கிலாந்துலேருந்து வரவழைச்சிருங்க அண்ணாச்சி."

விசித்திரம் என்னவென்றால், இங்கிலாந்தில் அது இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. 1977-இல் தொடங்கிய ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் அதையும் ஹெரால்டையும் சேர்த்துக்கொண்டது. கேட்க ஆள் இருந்ததால் செய்ய ஆள் இருந்தது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளையே தேடிப் பிடித்து, எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரின் முழு உடலையும் 1988-இல் மறுபடி அடித்து விற்க ஆரம்பித்தது. அந்த உடலைப் போட்ட கார் நின்றுபோய் எட்டு வருஷம் ஆகியிருந்தது!

நம்மிடம் நடந்ததைப் பாருங்கள். ஹெரால்டுக்குப் பிறகு 1972-இல் அதே கம்பெனி கெசல் என்ற காரைக் கொண்டுவந்தது. நம்மூர் ரோட்டுக்கு ஒத்துவராத பின்சக்கர அமைப்பைத் தூக்கிவிட்டுக் கனமான ஒற்றை ஆக்ஸிலைப் போட்டார்கள். முன்பக்கம் முழுசாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட்டையும் சாதாரண பானெட்டாக மாற்றினார்கள். மாற்றிய இடமெல்லாம் நம் ஆட்களின் மூளை. அந்த இடங்களுக்குத்தான் இன்று உலகத்தில் எங்கேயும் சாமான் இல்லை. வெள்ளைக்காரன் வரைந்த பாகம் கிடைக்கிறது, மெட்ராஸில் வரைந்த பாகம் கிடைக்கவில்லை. வேறு கம்பெனியின் காருக்கும் இதே கதிதான். 1998-இல் ஃபைபர் உடலும் ரெனோ எஞ்சினுமாக வந்த சான் ஸ்டார்ம், நாம் செய்த அபூர்வமான திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. உடலைப் பார்த்துப் பார்த்து ஃபைபரில் மறுபடி வார்க்கலாம். மற்றதெல்லாம் காயலான் கடையில் குனிந்து தேடுகிறவரின் அதிர்ஷ்டம்.

இன்னொரு கதையும் உண்டு. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரை ஸ்டாண்டர்டு 2000 என்று 1985-இல் ஹெரால்டைச் செய்த அதே கம்பெனி இறக்கியது. ஓடவில்லை. சில வருஷத்தில் ஆலையே நின்றது. 2006-இல் எல்லாம் விற்பனைக்கு வந்தபோது, பிரிக்காமல் கிடந்த ரோவர் பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற ஸ்பேர் கடை வாங்கிக் கப்பலேற்றியது. நமக்கு அது பழைய இரும்பு, அவர்களுக்குச் சரக்கு. அவர்களைக் குறை சொல்லவில்லை. மதிப்பு தெரிந்தவன் எடுத்துக்கொண்டான்.

மற்ற நாடுகளில் கம்பெனிகளே இப்போது இறங்கி வருகின்றன. மாஸ்டா தன் முதல் ரோட்ஸ்டருக்குத் துணிக்கூரை, மர ஸ்டியரிங் முதல் டயர் வரை மறுபடி செய்ய முன்வந்தது. நிஸான் பழைய ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். காருக்குப் பாகங்களை மீண்டும் செய்கிறது. சில நூறே செய்யப்பட்ட போர்ஷே 959 காரின் கிளட்ச் நெம்புகோலை, எஃகுத் தூளை லேசரால் உருக்கி முப்பரிமாண அச்சில் எடுத்ததாக 2018-இல் அந்தக் கம்பெனி அறிவித்தது. மெஷின் எவ்வளவு புதுசானால் என்ன, அதற்கும் அளவு தெரிந்தால்தான் கதை நடக்கும்.

'ஒரிஜினல்' என்ற மோகத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாக்கெட் பிரிக்காத பழைய பிரேக் ரப்பருக்குப் பெரும் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் பாக்கெட்டுக்குள் இருந்தாலும் கிழடாகும், எங்கள் வெயிலில் இன்னும் சீக்கிரம். புதுசாக வார்த்த ரப்பர் அதைவிட நூறு மடங்கு மேல். புஷ், பின், கைப்பிடி, கீல் போன்றவை உள்ளூரில் செய்யக்கூடியவை. ஸ்டியரிங், பிரேக், சக்கரம் தாங்கும் பாகங்கள் டிராயிங் இல்லாமல் தொடக்கூடாதவை. இந்தக் கோட்டைப் போடத் தெரிந்தவன்தான் மெக்கானிக்.

அரசாங்கம் 2021 ஜூலையில் ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவைக் கொண்டுவந்தது. 'வி.ஏ.' எழுத்தோடு தனி நம்பர், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸி, உடல், எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்று விதி. சரியான விதிதான். ஆனால் மூலம் எப்படி இருந்தது என்ற கணக்கே நாட்டில் எங்கும் இல்லாதபோது, மாறவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? உதிரிபாகம் பற்றிப் பேச்சு நடக்காமலும் இல்லை. 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம், உதிரிபாகங்களை வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு இணையதளம் திறந்தது, அதில் மோட்டார் வாகனமும் உண்டு. இவை இரண்டும் ஓடுகிற கம்பெனியின் சாமானைப் பற்றிய பேச்சு. கம்பெனியே போன பிறகு என்ன என்பதற்கு அங்கே இடமில்லை.

நான் கேட்பது இதுதான். ஒரு மாடல் நின்று 15 வருஷம் ஆனதும் அதன் பாக வரைபடங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஆலை திவாலானால் இயந்திரத்தை ஏலம் விடுவதற்கு முன்பே டிராயிங் அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிவிட வேண்டும். வைப்பதற்கு இடம் தேட வேண்டாம், நம் ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு யார் கேட்டாலும் நகல் கொடுக்கட்டும்.

கம்பெனி ரகசியம் என்பார்கள். வடிவமைப்புச் சட்டம் 2000 ஒரு வடிவத்துக்குத் தரும் பாதுகாப்பே நீட்டிப்பையும் சேர்த்து 15 வருஷம்தான், காப்புரிமைக்கு 20. அதன் பிறகு பூட்டி வைத்து யாருக்கு லாபம்? டூப்ளிகேட் பெருகும் என்பார்கள். டூப்ளிகேட் இப்போதே பெருகித்தான் கிடக்கிறது, தேய்ந்த சாமானைப் பார்த்துச் செய்ததாக. டிராயிங் இருந்தால் சரியான சாமானையும் தப்பான சாமானையும் அளந்து பிரிக்கலாம். செய்தவன் தன் முத்திரையைக் குத்த வேண்டும் என்றும் விதி போடுங்கள். என் சாமானில் என் எழுத்தைக் குத்த நான் தயார்.

பணக்காரர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் காருக்கு இத்தனை பேச்சா என்று தோன்றலாம். அதே விதி வந்தால் ஓடுகிற டிராக்டருக்கும், அச்சு இயந்திரத்துக்கும், கிணற்று மோட்டாருக்கும் அது பொருந்தும். பழைய கார்க்காரருக்கு இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வசதி இருக்கிறது. நின்றுபோன கம்பெனியின் டிராக்டரை வைத்து உழுகிறவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கும் என் பட்டறைதான் கதி. எனக்கு வேண்டியது அளவு எழுதிய ஒரு காகிதம்.