எண்ணும் நம் எழுத்தே

தமிழன் தன் நிலத்தை அளந்தான், அளந்ததை எழுதினான், எழுதியதைக் கல்லிற் பொறித்தான். இன்று அக்கல்லின்முன் நிற்கும் அவன் பெயரனுக்கு எழுத்தேனும் ஒருசிறிது விளங்கும். எண்ணோ அறவே விளங்காது.

பழைய தென்னார்க்காட்டினின்று 1993-இல் பிரிந்தது விழுப்புரம். அதனினின்று 2019-இல் பிரிந்தது கள்ளக்குறிச்சி மாவட்டம். அம்மாவட்டத்துத் திருக்கோவலூரில், கபிலரைப் பற்றிய இராசராசன் காலத்துக் கல்வெட்டைத் தாங்கி நிற்கின்றது வீரட்டானம். மாவட்டத்து உழவர் இன்றும் தம் நிலத்தைக் காணி என்றும் குழி என்றுமே பேசுவர். நூறு குழி ஒரு காணி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். ஆனால், அதே காணி என்னும் சொல் எண்பதில் ஒரு கூற்றைக் குறிக்கும் எண்ணுப்பெயருமாகும் என்பதை அவர்தம் மக்களுள் எத்தனைபேர் அறிவர்? நிலத்தளவு நாவில் வாழ்கின்றது. எண்ணளவு நாவினின்றும் நழுவிவிட்டது.

அதன் நுண்மைதான் என்னே! ஒன்றை இருபது கூறிட்டால் மா. எண்பது கூறிட்டால் காணி. முந்நூற்றிருபது கூறிட்டால் முந்திரி. அம்முந்திரியையும் முந்நூற்றிருபது கூறிட்டால் கீழ்முந்திரி. அஃதாவது, 1,02,400-இல் ஒன்று. இக்கீழ்வாயிலக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் குறியும் உண்டு. திண்ணைப்பள்ளிச் சிறுவன் எண்சுவடியை உருப்போட்டு, குழிமாற்றைப் பாடமாக்கி, நிலப்பரப்பை மனத்திலேயே கணக்கிட்டான். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில் ஒரு வேலி நிலத்தின் 5,242 கோடியே 88 இலக்கத்தில் ஒரு கூறுவரை கணக்குக் காணப்படுகின்றது. ஏறத்தாழ ஆறரை ஏக்கர் பரப்புள்ள வேலியில் அக்கூறு, சதுர மில்லிமீட்டரிற் பாதியளவே. எந்த அளவுகோலும் அதனை அளந்திராது என்பது உண்மையே. ஆயினும், பங்கிட்ட கணக்கில் எஞ்சியதை இம்மியும் விடாமல் எழுதிவைத்த ஒழுங்கு அது.

சுழியம் இல்லாத எண்முறை எற்றுக்கு எனச் சிலர் எள்ளுவர். பழந்தமிழ் முறையில் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறிகள் (௰, ௱, ௲) இருத்தலால் சுழியம் வேண்டப்படவில்லை. 1976 என்பதை ௲௯௱௭௰௬ என வாயாற் சொல்லும் முறையிலேயே கையால் எழுதினர். இவ்வாறே பத்துக்கும் நூற்றுக்கும் குறியிட்டு எழுதும் சீனர், இடமதிப்பு எண்களைக் கைக்கொண்ட பின்னரும் தம் முறையைக் கைவிட்டாரல்லர். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் இடமதிப்பு முறையே எளிது என்பதில் ஐயமில்லை. அதுவும் அயலாருடையதன்று; இந்நிலத்திற் பிறந்து, அரபியர் வழி மேலைநாடு சென்று, பிபொனாச்சி 1202-இல் எழுதிய நூலால் அங்குப் பரவி, ஆங்கிலேயர் கையால் 'ஆங்கில எண்' என்னும் பெயரோடு மீண்டதே. எனவே, அதனை விலக்கவேண்டும் என்பதன்று வழக்கு. தமிழ் எண் மட்டும் ஏன் விலக்கப்பட்டது என்பதே வழக்கு.

1949-இல் அரசியலமைப்பு அவையிற் கடும்பூசலுக்குப் பின், அனைத்துலக வடிவிலான இந்திய எண்களே நடுவணரசின் எண்கள் என 343-ஆம் பிரிவு வகுத்தது. தேவநாகரி எண்ணுக்கு ஒரு பின்வாயிலையும் அதே பிரிவு திறந்துவைத்தது. 2016 முதல் வெளிவந்த புதிய பணத்தாள்களில் அத்தேவநாகரி எண் பளிச்சென்று ஏறி அமர்ந்திருக்கின்றது. தமிழோ, பதினைந்து மொழிகளின் பட்டியலில் ஒரு சிறு வரியாக ஒடுங்கிக் கிடக்கின்றது. மோரீசுத் தீவின் பணத்தாளிற் பொறிக்கப்படும் தமிழ் எண், தமிழன் வரி செலுத்தும் நாட்டின் பணத்தாளில் இல்லை. கடல்கடந்து கரும்புக்கொல்லைக்குச் சென்ற கூலித்தமிழரின் வழிவந்தோர்க்குக் கிட்டியது, தாய்நிலத்தார்க்குக் கிட்டவில்லை!

நடுவணரசின்மேல் மட்டும் பழியைச் சுமத்திவிட்டு அமைதல் தகாது. தமிழகப் பாடநூலில் தமிழ் எண்கள் ஒரு பட்டியலாய் வந்து போகின்றன. கணக்கு வகுப்பில் அவற்றுக்கு வேலையில்லை. 2019-இல், கள்ளக்குறிச்சி மாவட்டம் தோன்றிய அதே ஆண்டில், தமிழ்க் கீழ்வாயிலக்கக் குறிகளும் பழைய அளவைக்குறிகளுமாக 51 குறிகள் ஒருங்குறியில் இடம்பெற்றன. கணினி கற்றுக்கொண்டதைப் பள்ளி இன்னும் கற்கவில்லை.

இது வெறும் பழம்பெருமைச் செய்தியன்று. கல்வராயன் மலை 1976 வரை சாகீர்தார்களின் ஆளுகையிற் கிடந்தது. அதன் மலைவாழ் மக்கள் 2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டத்தின்கீழ் நிலங்கேட்டுச் செல்லுங்கால், உழுதுவந்தமைக்குச் சான்று கேட்கப்படும். ஒரு குடிசையின் இறவாணத்திற் பழைய முறி ஒன்று செருகிக் கிடந்து, அதில் நிலத்தளவு மாவும் காணியுமாகத் தமிழ்க்குறியில் எழுதப்பட்டிருப்பின், அதனைப் படித்துச்சொல்ல அம்மலையில் யார் உளர்? வட்ட அலுவலகத்திற்றான் யார் உளர்?

ஒன்று முதல் ஆயிரம் வரையிலான பன்னிரு குறிகளும், முந்திரி முதல் முக்கால் வரையிலான கீழ்வாயிலக்கங்களும் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில், கணக்காகவே, பயிற்றப்படல் வேண்டும். நிலவரி அலுவலர் தேர்விலும் அவை வினாவாதல் வேண்டும். திருக்கோவலூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியேடு தேடி அலையவேண்டியதில்லை. வீரட்டானத்துச் சுவர் நடந்துசெல்லும் தொலைவில்தான் இருக்கின்றது.