எதுக்களிப்பும் நம் இரவு விருந்தும்

விடுதியில் ஒருவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றால் அடுத்தவன் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன, கேஸா?" பதில் வருமுன்பே மேசை இழுப்பறையிலிருந்து மாத்திரைப் பட்டை வெளிவந்துவிடும். கட்டணம் வாங்காத மருத்துவர் நம்மிடையே அறைக்கு ஒருவர் இருக்கிறார். நானும் ஓராண்டுக் காலம் அத்தொழிலை நடத்தியவன்தான். ஆகவே நான் சொல்லப்போவதைப் பிறர்மேல் எறியும் கல்லாக நண்பர்கள் கொள்ள வேண்டாம்.

முதலில் பெயரைத் திருத்துவோம். நம் பாட்டிமார் இதனை 'எதுக்களிக்கிறது' என்பார்கள். உள்ளே சென்றது மேலே திரும்பி வருகிறது என்பதை அந்த ஒரு சொல்லே விளக்கிவிடுகிறது. நாமோ 'கேஸ்' என்று சொல்லிக் காற்றின்மேல் பழி போட்டோம். 'அசிடிட்டி' என்று சொல்லி அமிலத்தின்மேல் பழி போட்டோம். இரைப்பையில் அமிலம் இருப்பது நோயன்று. அதைத் தாங்கும் சளிப்படலம் இரைப்பைக்கு உண்டு. உணவுக்குழலுக்கு அத்தகைய காப்பு இல்லை. இரண்டுக்கும் இடையே வளையமாக அமைந்த ஒரு தசை வாயிற்காவலனாக நிற்கிறது. வயிறு புடைக்க உண்டால் அக்காவலன் வேண்டாத நேரத்திலும் தளர்ந்துவிடுகிறான். நிமிர்ந்திருக்கும் வரையில் புவியீர்ப்பு நமக்குத் துணை செய்கிறது. படுத்தால் அதுவும் இல்லை.

இனி நம் நாளை எண்ணிப் பாருங்கள். காலை உணவை உறக்கம் விழுங்கிவிடுகிறது. பகலில் தேநீர். ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்ப இரவு ஒன்பது மணி. அதன்பின் நாள் முழுவதன் பசியையும் ஒரே தட்டில் தீர்த்துக்கொண்டு, அரை மணியில் கட்டிலில் சாய்கிறோம். நள்ளிரவில் தொண்டை வரை புளிப்பு ஏறியதும், "வடக்கத்திச் சாப்பாடு நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று கடுகெண்ணெயைத் திட்டுகிறோம்! எண்ணெய் மிகுந்த உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்கும் என்பது மெய்தான். ஆனால் ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பாவை இரவு பன்னிரண்டு மணிக்குக் காலி செய்பவன் கடுகெண்ணெயைக் குற்றம் சொல்லலாமா?

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேண்டோபிரசோல், ஓமெப்ரசோல் ஆகியவை நல்ல மருந்துகள். உணவுக்குழல் புண்ணை ஆற்ற வல்லவை. ஆனால் அவை அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய எக்கிகளை, அவை வேலை செய்யும்போதுதான் பற்றி நிறுத்தும். எக்கிகள் முழு வேகத்தில் இயங்குவது உணவு வரும்போது. ஆதலால் உண்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு விழுங்கினால்தான் முழுப் பயன். எரிச்சல் கண்டபின் நள்ளிரவில் விழுங்குவது, வண்டி போனபின் சீட்டு வாங்குவது போன்றது. மாதக்கணக்கில் விழுங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு அமிலம் முன்னிலும் மிகுதியாகச் சுரக்கும். நான் அதைப் பட்டு அறிந்தேன். நோய் முற்றிவிட்டதென்று எண்ணி இன்னொரு பட்டை வாங்கினேன்.

கடைசியில் நான் சென்று கண்ட மருத்துவர் மருந்துச்சீட்டை எடுக்குமுன் இரண்டே கேள்விகள் கேட்டார்: "எப்போது சாப்பிடுகிறாய்? எப்போது படுக்கிறாய்?" இரண்டுக்கும் இடையே மூன்று மணி நேரம் விடச் சொன்னார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து அரையடி உயர்த்தச் சொன்னார். தலையணைமேல் தலையணை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறுதான் அழுந்தும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் நன்று. அப்போது இரைப்பை உணவுக்குழலின் வாயைவிடத் தாழ்ந்திருக்கும். புகைப்பவர்கள் அதை விட வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். விழுங்கும்போது உணவு அடைத்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், வாந்தியில் இரத்தம் கண்டாலும், மலம் கறுத்தாலும் மருத்துவரிடம் செல்வதே வழி. நெஞ்சு வலி கைக்கும் தாடைக்கும் பரவி வியர்த்தால் அந்த நிமிடமே மருத்துவமனை. ஊரிலிருந்து தொலைபேசியில், "அப்பாவுக்கு நெஞ்சில் ஏதோ பிடித்தது, கேஸ்தானாம்" என்று அம்மா சொன்னால், ஆயிரம் கல் தொலைவிலிருந்து நாமும் "ஆமாம்" போடக் கூடாது.

இப்போது நம் சங்கத்துக்கு வருகிறேன். மாதக் கூட்டம் எட்டு மணிக்குத் தொடங்குகிறது. பேச்சு முடிந்து பத்தரைக்கு இலை போடுகிறோம். வடையும் பாயசமும் உண்டு பதினொன்றரைக்குப் படுக்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன்: விருந்து ஏழரைக்கு, சொற்பொழிவு அதன் பின்பு. சாப்பிட்டதும் கூட்டம் கலைந்துவிடும் என்று செயலாளர் அஞ்சுகிறார். அவர் அஞ்ச வேண்டாம். உண்டபின் இரண்டு மணி நேரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைவிட வேறென்ன வேண்டும் நமக்கு? பேச்சாளர் யாராயிருந்தால் என்ன!